எம்.ஆர்.ஐ: இல்லாத கதிருக்குப் பயம், இருக்கிற காந்தத்துக்குப் பயமில்லை

1/
போன வாரம் ஸ்கேன் அறை வாசலில் ஒரு அம்மா. வயது அறுபதுக்கு மேல். கால் மரத்துப் போகுதுன்னு வந்தவங்களுக்கு முதுகுத்தண்டு எம்.ஆர்.ஐ எழுதிக் கொடுத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "கதிர் பாய்ச்சுவாங்களாமே டாக்டர். கேன்சர் வந்துடாதா?"

"இல்லம்மா, இதுல அந்தக் கதிரே கிடையாது"ன்னு சொல்லும்போதுதான் கவனிச்சேன். தாலிச் சரட்டில் வரிசையா நாலு ஊக்கு. அதைப் பத்தி அவங்களுக்கு ஒரு கவலையும் இல்லை. கையில் கையெழுத்துப் போட்ட படிவம் ஒண்ணு இருந்தது. முழுக்க ஆங்கிலத்தில்.

2/
இல்லாத கதிரைப் பார்த்து நடுக்கம். இருக்கிற காந்தத்தைப் பார்த்து துளி பயமில்லை. இது அந்த அம்மாவோட தப்பு இல்லைங்க. நாங்க, அதாவது மருத்துவத் துறை, ஒழுங்கா சொல்லித் தராததோட விளைவு.

கொஞ்சம் நீளமான த்ரெட். கடைசி வரைக்கும் படிங்க. நீங்க நோயாளியா இல்லாம வெறும் துணைக்குப் போறவரா இருந்தாலும் இது உங்க உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

3/
முதல்ல அந்தக் கதிர் பயம் எங்கிருந்து வந்ததுன்னு பார்ப்போம்.

இந்தத் தொழில்நுட்பத்துக்கு அறிவியலில் பழைய பெயர் என்.எம்.ஆர். அதில் முதல் எழுத்து 'நியூக்ளியர்'. அணுக்கரு என்று பொருள். அணுகுண்டு இல்லை, அணு உலை இல்லை, உங்க உடம்புக்குள்ளேயே இருக்கிற ஹைட்ரஜன் அணுவோட கரு. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டதும் ஜனங்க மிரண்டதால, மருத்துவத்துக்கு வந்தப்போ அதை வெட்டிட்டு எம்.ஆர்.ஐ என்று பெயர் வெச்சாங்க. வார்த்தையை எடுத்துட்டாங்க. பயம் அங்கேயே நின்னுடுச்சு. ஏன்னா உள்ளே என்ன நடக்குதுன்னு யாரும் உட்கார்ந்து சொல்லலை.

4/
சரி, உள்ளே என்ன நடக்குது?

உங்க உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீர் மூலக்கூறிலும் ரெண்டு ஹைட்ரஜன். அந்த ஹைட்ரஜனோட அணுக்கரு என்பது ஒரே ஒரு புரோட்டான். ஒவ்வொரு புரோட்டானும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரணமா இதெல்லாம் சந்தைக் கூட்டம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கிட்டு இருக்கும். மொத்தமா கூட்டினா பூஜ்யம்.

பெரிய காந்தத்துக்குள்ள நீங்க படுத்ததும் இவை ரெண்டு கட்சியா பிரியும். காந்தத்தோட திசைக்கு இணங்குறவை, எதிர்க்கிறவை. இணங்குற கட்சிக்கு மெஜாரிட்டி எவ்வளவு தெரியுமா? 1.5 டெஸ்லா மெஷினில் 10 லட்சம் புரோட்டானுக்கு சுமார் 5.

5/
அந்த அஞ்சை வெச்சுத்தான் உங்க மூளையைப் படம் பிடிக்கிறோம். ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே புரோட்டான்கள் எண்ணி முடியாத அளவு இருக்கிறதால அந்தச் சின்ன மெஜாரிட்டியே போதுமானதா இருக்கு. காந்தம் வலுவிழந்தா அதுவும் கரைஞ்சுடும், படம் மங்கிடும்.

இதை மனசுல வெச்சுக்குங்க. காந்தம் இவ்வளவு அசுர பலத்தோட இருக்க வேண்டிய காரணமே இதுதான்.

6/
அடுத்து ரேடியோ அலை. காந்தத்துக்குள்ள இருக்கிற புரோட்டான், சாய்ஞ்ச பம்பரம் மாதிரி தலையை ஆட்டிக்கிட்டே சுத்தும். 1.5 டெஸ்லாவில் நொடிக்கு கிட்டத்தட்ட 6 கோடியே 40 லட்சம் சுத்து, அதாவது 64 மெகாஹெர்ட்ஸ். இதுக்கு லார்மர் அதிர்வெண் என்று பெயர்.

ஊஞ்சலை அது வர்ற நேரம் பார்த்துத் தள்ளினா நல்லா ஆடும் இல்லையா? அதே மாதிரி சரியா அதே அதிர்வெண்ணில் ரேடியோ அலையை அனுப்பினா புரோட்டான்கள் அதை வாங்கிக்கிட்டு சாயும். அலையை நிறுத்தினதும் பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பும்போது ஒரு மெல்லிய சிக்னல் கொடுக்கும். கொழுப்பில் இருக்கிறது ஒரு வேகத்தில் திரும்பும், தண்ணீரில் இருக்கிறது ஒரு வேகத்தில், கட்டியில் இருக்கிறது வேறொரு வேகத்தில். அந்த வித்தியாசம்தான் படம்.

7/
இப்போ கதிர் விஷயம். எஃப்.எம் ரேடியோ ஓடுறது 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ 64. 3 டெஸ்லா என்றால் சுமார் 128. எஃப்.எம்முக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. அவ்வளவுதான்.

எக்ஸ்ரேயின் ஒரே ஒரு ஃபோட்டானுக்கு இதைவிட 10 ஆயிரம் கோடி மடங்குக்கும் மேல் ஆற்றல் உண்டு. அது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும், டி.என்.ஏவை உடைக்கும். ரேடியோ அலையால அது முடியாது. அதிகபட்சம் உடம்பைக் கொஞ்சம் சூடாக்கும், அதுக்கும் மெஷினிலேயே வரம்பு வெச்சிருக்கு. எம்.ஆர்.ஐ எடுத்ததால கதிர் பட்டு கேன்சர் வரும் என்பது பொய். சி.டி ஸ்கேன் வேற, அதில் எக்ஸ்ரே இருக்கு. ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

8/
"அப்போ உள்ளே ஏன் டாக்டர் டக்கு டக்குன்னு இடிக்குது?"

படத்தில் எது எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க, பெரிய காந்தத்துக்குள்ள சின்னச் சின்ன கம்பிச்சுருள்களால காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் மாத்துறோம். 1973-ல் பால் லாட்டர்பர் சொன்ன வழி இது. பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு அதைக் கணக்காவும் வேகமாவும் ஆக்கினார். 2003-ல் ரெண்டு பேருக்கும் நோபல். அந்தச் சுருள்களில் மின்சாரம் நொடிக்குப் பல தடவை மாறும்போது அவை அதிருது. ஒலிபெருக்கி வேலை செய்யுற அதே தத்துவம். சத்தம் 100 டெசிபலைத் தாண்டலாம். அதனாலதான் காதடைப்பான். கொடுக்கலைன்னா கேட்டு வாங்குங்க.

9/
பயப்படக் கூடாதது முடிஞ்சது. இனி பயப்பட வேண்டியது. அந்தக் காந்தம்.

நம்ம ஊரில் பூமியோட காந்தப்புலம் எவ்வளவோ, அதைவிட 30 ஆயிரம் மடங்குக்கும் அதிகம் 1.5 டெஸ்லா. இதை உண்டாக்குறது நையோபியம்-டைட்டானியம் கம்பிச்சுருள். திரவ ஹீலியத்தால மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர வெச்சா அந்தக் கம்பியில் மின்தடையே இருக்காது. ஒரு தடவை மின்சாரத்தை ஏத்திவிட்டா அது தானா சுத்திக்கிட்டே இருக்கும்.

அதாவது கரண்ட் போனாலும் காந்தம் இருக்கும். ராத்திரி ரெண்டு மணிக்கும் இருக்கும். தீபாவளி லீவிலும் இருக்கும். கடைசி நோயாளி போய், விளக்கை அணைச்சு, கதவைச் சாத்தின பிறகும் இருக்கும்.

10/
அதனால "மெஷின் ஆஃப்ல இருக்கு, வாங்க" என்று யாராவது சொன்னா, ஒண்ணு அவருக்குத் தெரியலை, இல்லைன்னா பொய் சொல்றார். ஸ்கேன் ஓடலை என்பது வேற, காந்தம் இல்லை என்பது வேற. இன்னைக்கு ஆஸ்பத்திரிகளில் இருக்கிற அநேகமா எல்லா எம்.ஆர்.ஐ காந்தமும் 24 மணி நேரமும் விழிச்சிருக்கும்.

அவசரத்துக்கு ஒரு பட்டன் உண்டு. அழுத்தினா ஹீலியம் கொதிச்சு வாயுவா வெளியேறும், காந்தம் இறங்கும். ஆனா அது இறங்கவே ஒரு நிமிஷம் வரை ஆகலாம். மறுபடி ஏத்த லட்சக்கணக்கில் செலவு. பறக்கிற இரும்பு அந்த ஒரு நிமிஷம் காத்திருக்காது.

11/
இதில் இன்னொரு கண்ணி இருக்கு. இப்போ வர்ற மெஷின்களில் காந்தப்புலம் வெளியே பரவாம இருக்க நல்ல தடுப்பு வெச்சிருக்காங்க. நல்லதுதான். ஆனா அதனால நாலு எட்டு தள்ளி நிற்கும்போது ஒண்ணுமே தெரியாது. கிட்ட போகப் போக புலம் திடீர்னு ஏறும். இரும்பை இழுக்கிற விசை, புலம் எவ்வளவு பெருசு, எவ்வளவு சீக்கிரம் ஏறுது, ரெண்டையும் பொறுத்தது.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று எடுத்து வைக்கிற அடுத்த அடியில் கையில் இருக்கிறது உங்க கையில் இருக்காது. இன்னும் கெட்டியாப் பிடிச்சிருந்தா நீங்களும் அதோட போவீங்க.

12/
கதை சொல்லலை. நடந்ததைச் சொல்றேன்.

2001, அமெரிக்கா, நியூயார்க் மாகாணம். அறுவை சிகிச்சை முடிஞ்ச 6 வயசுப் பையன், மயக்கத்தில், மெஷினுக்குள்ள. ஆக்சிஜன் தேவைப்பட்டது. அவசரத்தில் இரும்பு சிலிண்டர் அறைக்குள்ள வந்தது. பறந்து போய் அந்தக் குழந்தையோட தலையில் அடிச்சது. குழந்தை இறந்துட்டான்.

2014, நவி மும்பை. ஆக்சிஜன் சிலிண்டரோட உள்ளே போன வார்டு ஊழியரும் டெக்னீஷியனும் காந்தத்தில் சிக்கிக்கிட்டாங்க. விடுவிக்க சுமார் 4 மணி நேரம்.

13/
2018 ஜனவரி, மும்பை. 32 வயசு இளைஞர். நோயாளி இல்லை. உறவுக்காரப் பெரியம்மா ஒருத்தருக்கு ஸ்கேன் எடுக்கத் துணைக்குப் போனவர். ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிட்டு உள்ளே வரச் சொன்னாங்க. உலோகம் கொண்டு போகலாமான்னு குடும்பத்தார் கேட்டாங்களாம். தினமும் நடக்கிறதுதான், மெஷின் ஆஃப்லதான் இருக்குன்னு ஊழியர் சொன்னதா அவங்க சொன்னது செய்திகளில் வந்தது. காந்தம் சிலிண்டரை இழுத்தது. சிலிண்டர் அவரை இழுத்தது. உயிர் போச்சு.

2021, தென்கொரியா. மறுபடி ஆக்சிஜன் சிலிண்டர். மறுபடி ஒரு மரணம்.

நாலு சம்பவம். நாலிலும் அதே சிலிண்டர்.

14/
2025 ஜூலை, நியூயார்க் மாகாணத்தின் லாங் ஐலண்ட். மனைவிக்கு ஸ்கேன். முடிஞ்சதும் எழுந்திருக்க உதவிக்குக் கூப்பிட்டாங்க. 61 வயசுக் கணவர் உள்ளே போனார். உடற்பயிற்சிக்காக சுமார் 9 கிலோ சங்கிலி கழுத்தில் போட்டிருந்தார். மறுநாள் இறந்துட்டார்.

கவனிச்சீங்களா? நோயாளியை உட்கார வெச்சு அம்பது கேள்வி கேட்கிறோம். கூட வந்தவரை யாரும் ஒண்ணும் கேட்கிறதில்லை. காந்தத்துக்கு நோயாளி யாரு, அட்டெண்டர் யாருன்னு தெரியாது.

15/
இனிமேல் சொல்லப் போறது எங்க ஆளுங்களுக்குப் பிடிக்காது. பரவாயில்லை.

இப்படி ஒண்ணு நடந்தா முதல்ல மாட்டுறவர் வார்டு பாய். மும்பையிலும் டியூட்டி டாக்டர் ஒருத்தரும் ஊழியர்களும்தான் கைதானாங்க. தப்பு செஞ்சவங்க பொறுப்பேற்கணும், மறுக்கலை. ஆனா அந்த ஊழியருக்கு இந்தக் காந்தம் எப்பவும் அணையாதுன்னு அவர் மொழியில், ஒரு தடவையாவது, ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாரா? அந்த அறை வாசலில் இரும்பு சிலிண்டரே வர முடியாதபடி ஏற்பாடு இருந்ததா? கதவுக்குப் பூட்டு இருந்ததா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் வார்டு பாய் இல்லை.

16/
"கூட்டம் அதிகம் டாக்டர்", "செலவு ஆகும் டாக்டர்". எல்லாம் கேட்டாச்சு.

கோடிக்கணக்கில் மெஷின் வாங்க முடியுது. அலுமினிய சிலிண்டரும் அதுக்கேத்த ரெகுலேட்டரும் வாங்க முடியாதா? சுவரில் ஆக்சிஜன் குழாய் கொண்டு வர முடியாதா? இரும்பில்லாத ஸ்ட்ரெச்சர் ஒண்ணு? கதவுக்குத் தானியங்கிப் பூட்டு? தமிழில் ஒரு பலகை? மெஷின் வெச்சிருக்கிற நிறுவனத்துக்கு இதெல்லாம் சில்லறை.

2001 மரணத்துக்கு அடுத்த வருஷமே அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் அமைப்பு வழிகாட்டுதல் வெளியிட்டது. வளாகத்தை நாலு மண்டலமா பிரி, மூணாவதுக்குப் பிறகு பயிற்சி பெற்றவர் கூட இல்லாம யாரையும் விடாதே என்று. 2002-ல் எழுதினது. இன்னும் எத்தனை இடத்தில் கதவு திறந்தே கிடக்கு!

17/
எக்ஸ்ரே, சி.டி மெஷின் வைக்கணும்னா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தோட உரிமம் வேணும். எம்.ஆர்.ஐ அந்த வரம்புக்குள்ள வராது. காரணம், அதில் அயனியாக்கும் கதிர்வீச்சே இல்லை.

முரணைப் பாருங்க. மக்கள் பயப்படுற கதிர் இல்லாததாலேயே, அவங்க பயப்பட வேண்டிய காந்தம் அந்த வாரியத்தோட கண்ணுக்கு வெளியே போயிடுது. கடைசியில் அந்தக் கதவைக் காக்கிறது பெரும்பாலும் ஆஸ்பத்திரியோட சொந்த ஒழுக்கம் மட்டும்தான். அந்த ஒழுக்கத்தை நிலைநிறுத்த, கேள்வி கேட்கிற மக்கள் வேணும்.

18/
காந்தம்னா நல்லதுதானேன்னு நம்மை நம்ப வெச்சதில் இன்னொரு கூட்டத்துக்கும் பங்குண்டு. காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர். "ரத்தத்தில் இரும்பு இருக்கு, காந்தம் அதை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும்" என்பாங்க.

ரத்தத்தில் இருக்கிறது ஆணி இல்லைங்க. ஹீமோகுளோபினுக்குள்ள கட்டுண்டு கிடக்கிற தனித்தனி இரும்பு அணு. ஆக்சிஜன் ஏறின ரத்தத்தைக் காந்தம் இழுக்கிறதே இல்லை, துளியூண்டு தள்ளத்தான் செய்யும். 1936-லேயே பாலிங்கும் கோரியலும் அளந்து காட்டினாங்க. வளையல் சொல்றது உண்மைன்னா எம்.ஆர்.ஐக்குள்ள போன ஒருத்தரும் உயிரோட வெளியே வந்திருக்க மாட்டாங்க. தினமும் எழுந்து நடந்து போறாங்க. காசை வீணாக்காதீங்க.

19/
ஆனா உடம்புக்குள்ள நிஜ உலோகம் இருந்தா கதை வேற. சொல்ல வேண்டியவை:

• பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளாண்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப். எம்.ஆர்.ஐக்கு ஏத்த மாடல்களும் உண்டு, அல்லாதவையும் உண்டு. அட்டையைக் கொண்டு வாங்க.

• லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவரா? எப்பவாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டதா? கட்டாயம் சொல்லுங்க. கண்ணுக்குள்ள தங்கிய துணுக்கு நகர்ந்து ஒருத்தருக்குப் பார்வை போனது 1986-லேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கு.

• எலும்பில் போட்ட பிளேட், ஸ்க்ரூ, இதயத்தில் வெச்ச ஸ்டென்ட். இவற்றில் பெரும்பாலானவைக்கு எம்.ஆர்.ஐ எடுக்கலாம். "பிளேட் இருக்கு, எடுக்கவே கூடாது"ன்னு நீங்களே முடிவு பண்ணி ஓடிடாதீங்க.

• மருந்து ஏத்தி எடுக்கிற எம்.ஆர்.ஐ என்றால் கிட்னி பிரச்சினை, கர்ப்பம் இருப்பதை முன்கூட்டியே சொல்லுங்க.

20/
உடம்புக்கு வெளியே இருக்கிறவை. நம்ம வீட்டுப் பெண்கள் கவனிக்க.

தங்கத் தாலியைக் காந்தம் இழுக்காது. ஆனா அதில் கோத்த ஊக்கு பறக்கும். தங்கமும் மின்சாரம் கடத்துற உலோகம், ரேடியோ அலையில் சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதனால கழட்டத்தான் வேணும். மனசு ஒப்பலைன்னா அந்த அரை மணி நேரத்துக்கு வெறும் மஞ்சள் கயிறு, ஒரு மஞ்சள் கிழங்கு கட்டிக்கலாம். அதில் எந்தத் தடையும் இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்க ரெண்டு நிமிஷம் போதும். "ஏம்மா, கழட்ட மாட்டியா"ன்னு கத்த வேண்டியதில்லை.

ஹேர்பின், மூக்குத்தி, மெட்டி, அரைஞாண் கயிற்றில் தாயத்து, பல்செட், காது மெஷின், சாவி, சில்லறை, போன், ஏ.டி.எம் கார்டு. எல்லாம் வெளியே.

21/
துணைக்குப் போறவங்களுக்கு அஞ்சே அஞ்சு விஷயம்.

ஒண்ணு: கூப்பிடாம அந்தக் கதவைத் தாண்டாதீங்க. உள்ளே இருந்து அம்மா கூப்பிட்டாலும் சரி, டெக்னீஷியனைக் கூப்பிடுங்க.

ரெண்டு: சிலிண்டர், வீல்சேர், ஸ்ட்ரெச்சர் எதையும் நீங்க தள்ளிட்டுப் போகாதீங்க. யார் சொன்னாலும்.

மூணு: "மெஷின் ஆஃப்"னு சொன்னா "காந்தம் ஆஃபா?"ன்னு கேளுங்க.

நாலு: படிவம் புரியலைன்னா கையெழுத்துப் போடாதீங்க. தமிழில் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அது உங்க உரிமை.

அஞ்சு: எதுவாவது போய் ஒட்டிக்கிட்டா இழுக்கப் போகாதீங்க. வெளியே வந்து ஆளைக் கூப்பிடுங்க.

22/
இதை எழுதப் போறேன்னு சொன்னப்போ நண்பர் ஒருத்தர், அவரும் டாக்டர், கேட்டார்: "இப்படிப் பயமுறுத்தினா ஜனங்க ஸ்கேனுக்கே வர மாட்டாங்களே?"

எனக்கு அப்படித் தோணலை. விவரம் தெரியாத இடத்தில்தான் பயம் கண்ட இடத்தில் போய் உட்காரும். கேன்சர் வரும்னு பயந்து ஸ்கேனைத் தள்ளிப்போட்டு, கட்டி முத்தின பிறகு வர்றவங்களை நான் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். விதிப்படி நடந்தா எம்.ஆர்.ஐ ரொம்பப் பாதுகாப்பான சோதனை. அந்த விதி என்னன்னு சொல்றது பயமுறுத்துறது ஆகாது.

23/
அந்த அம்மாவுக்கு அன்னைக்கு அஞ்சு நிமிஷம் செலவழிச்சு இதையெல்லாம் அவங்க பாஷையில் சொன்னேன். கதிர் இல்லை, காந்தம்தான், அது தூங்கவே தூங்காதுன்னு. தலையாட்டினாங்க. ஊக்கைத் தாங்களே ஒவ்வொண்ணா கழட்டி மருமகள் கையில் கொடுத்தாங்க. அப்புறம் வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்த மகனைத் திரும்பிப் பார்த்து, "டேய், பைக் சாவிய வெச்சிருக்கியா? அங்கேயே நில்லு"ன்னாங்க.

அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு.

ஸ்கேன் எடுக்கப் போற யாராவது உங்க வீட்டில் இருந்தா இதைப் படிச்சுக் காட்டுங்க. ஆஸ்பத்திரி நடத்துறவங்க யாராவது தெரிஞ்சிருந்தா 15, 16-ஐ மட்டுமாவது அனுப்புங்க.